இதய அறுவையில் ரத்தம் உறையாமல் காப்பது: பம்பு, ஹெப்பாரின், மீன் ஒவ்வாமை பற்றிய ஐயங்கள்

தங்கச்சிமடத்தான்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விசைப்படகில் கடல் தொழில் செய்தவர். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் மைட்ரல் என்ற இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்றும், அதோடு இதயத்தின் இரண்டு ரத்தக்குழாய்களில் அடைப்பும் இருக்கிறது என்றும் மதுரையில் ஆஞ்சியோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வால்வு மாற்றுவதையும் பைபாஸையும் ஒரே அறுவையில் செய்யப்போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், எப்படியும் படகு கரையில்தான் நிற்கும், அதற்குள் முடித்துவிடலாம் என்று அப்பாவே நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது மருத்துவர், இதயத்தை நிறுத்தி இயந்திரத்தில் ரத்தத்தை ஓடவிடும் நேரம் முழுவதும் ரத்தம் உறையாதிருக்க ஒரு ஊசியும், முடிந்ததும் அதை முறிக்க இன்னொரு ஊசியும் போடுவோம் என்றார். அந்த இரண்டாவது மருந்து மீனிலிருந்து எடுக்கப்படுவது, அவருக்கு மீன் ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்றும் கேட்டார். அம்மா உடனே, இரண்டு வருடத்துக்கு முன் சூரை மீன் சாப்பிட்டு அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்து உடம்பு தடித்ததைச் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் எழுதிக்கொண்டாரே தவிர விளக்கமாகச் சொல்ல அவருக்கு நேரமில்லை. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் உறக்கம் இல்லை.

நெஞ்சைத் திறந்து அறுக்கும்போது ரத்தத்தை உறையவிடாமல் செய்தால் எல்லா ரத்தமும் வெளியே போய்விடாதா? எவ்வளவு மருந்து போதும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மீன் தின்று தடித்த உடம்புக்கு மீன் மருந்து ஆகுமா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பம்பு பக்கம்:

தம்பி, நான் தொண்டிக்காரன். மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகப் பெர்ஃப்யூஷனிஸ்டாக வேலை பார்க்கிறேன், அதாவது நாங்கள் பேச்சுவழக்கில் பம்பு என்று சொல்லும் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவன். அப்பாவின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரைப் பார்க்கும் மருத்துவர்கள்தாம். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நம் ரத்தக்குழாய்களின் உட்புறத்தை மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. ரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்தப் படலமே முதற்காரணம். பம்பில் அது கிடையாது. இதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து சேரும் ரத்தத்தைப் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தொட்டிக்கு இறக்கி, ஆக்சிஜனேட்டருக்குள் தலைமுடியைப் போன்ற நுண்குழல்களுக்கு இடையே தள்ளி, வடிகட்டியைக் கடக்கவைத்து, மகாதமனிக்குள் திருப்பி அனுப்புகிறோம். ஆக்சிஜனேட்டருக்குள் ரத்தம் உரசிச் செல்லும் பரப்பு மட்டுமே ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர், ஆள் படுக்கும் பாயின் அளவுக்கு வரும். நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் ரத்தம் இந்த அந்நியப் பரப்பின் மேல் ஓடுகிறது. மருந்தில்லாமல் ஓடவிட்டால் சில நிமிடங்களில் ஆக்சிஜனேட்டர் இறுகிப்போகும். இதயமும் நிறுத்தப்பட்டிருக்கும் அந்த வேளையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதனால்தான் குழாய்களைப் பொருத்துவதற்கு முன்பே ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது.

உங்கள் அப்பா 60 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 300 யூனிட் என்றால் 18,000 யூனிட். ஒரு மில்லிக்கு 5,000 யூனிட் உள்ள குப்பியிலிருந்து 3.6 மில்லி. இவ்வளவுதான் அளவு. ஆனால் கணக்குப் போட்டு ஊசியை ஏற்றியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது பெரும் பிழை. ஒரே எடையுள்ள இருவருக்கு ஒரே அளவு மருந்து கொடுத்தாலும் ஒருவர் ரத்தம் நன்றாக அடங்கும், மற்றவர் ரத்தம் அடங்காது. ஆகவே மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஏ.சி.டி. என்ற உறைநேரச் சோதனை செய்கிறோம். உறைதலைத் தூண்டும் பொடி போட்ட சிறு கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு, 37 டிகிரியில் வைத்து, எத்தனை வினாடியில் கட்டியாகிறது என்று இயந்திரம் எண்ணும். மருந்தில்லாத ரத்தம் நூறு வினாடியை ஒட்டி உறைந்துவிடும். 480 வினாடியைத் தாண்டினால்தான் பெரும்பாலான தியேட்டர்களில் நான் பம்பைத் தொடங்கலாம் என்று சொல்ல முடியும். பிறகு அரைமணி நேரத்துக்கு ஒருமுறையாவது அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, குறைந்தால் மேலும் ஹெப்பாரின் சேர்ப்போம்.

ரத்தமெல்லாம் போய்விடாதா என்ற கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது. நெஞ்சுக்குள் கசியும் ரத்தத்தை உறிஞ்சி எடுத்து மீண்டும் தொட்டிக்கே கொண்டுவருகிறோம். அறுபடும் ரத்தக்குழாய்களைச் சுட்டும் கட்டியும் அடைத்துவிட்டுத்தான் அறுவை நடக்கிறது.

கீழக்கரை மகன்:

இந்த விளக்கத்தைப் படிக்கையில் மனம் ஆறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வாப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று மாலை ஐந்து மணிக்குச் சொன்னார்கள். எட்டரை மணிக்கு மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் போட்டிருந்த வடிகுழாயில் ஒரு மணி நேரத்தில் 400 மில்லிக்கு மேல் ரத்தம் வந்துவிட்டது என்றார்கள். ஹெப்பாரினைச் சரியாக முறிக்கவில்லை என்பதுதானே இதன் பொருள்? அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு நானும் என் மைத்துனரும் ரத்த வங்கி வாசலில் நின்று ஊருக்குப் போன் போட்டு ஆள் திரட்டிய நேரத்தில், ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருவர்கூட எங்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. வாப்பா இன்று நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றும் விடையில்லை.

இன்னொன்றும் பின்னால்தான் தெரியவந்தது. ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறதாம். அதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?

மண்டபம் மயக்கவியலர்:

கீழக்கரை மகன் அவர்களுக்கு. உங்கள் வாப்பாவின் கோப்பைப் பார்க்காமல் அவருக்கு நடந்ததற்குக் காரணம் சொல்வது முறையாகாது. பொதுவாகச் சொல்லலாம். அறுவைக்குப் பின் ரத்தம் கசிந்து மீண்டும் திறக்க நேர்வதற்கு ஹெப்பாரின் மிச்சம் ஒரு காரணம் மட்டுமே. ஒட்டுப்போட்ட இடத்திலோ மார்பெலும்பிலிருந்தோ ஒரு சிறு குழாய் கசிந்துகொண்டிருப்பது மிகவும் பொதுவானது, அதைத் தைத்தால்தான் நிற்கும். அடைப்புக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையின் பலன் தீராமல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மந்தமாக இருந்திருக்கலாம். பம்பில் ஒன்றரை மணி நேரம் அடிபட்ட தட்டணுக்களும் சோர்ந்துபோயிருக்கும். ஆரம்பத்தில் பம்பை நிரப்ப ஊற்றும் ஒன்று, ஒன்றரை லிட்டர் திரவத்தால் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைவுக் காரணிகள் நீர்த்துப்போயிருக்கும். உடம்பு குளிர்ந்திருந்தாலும் உறைதல் தாமதமாகும்.

நீங்கள் சொல்வதைப் போலச் சில மணி நேரம் கழித்து ஹெப்பாரின் தலைதூக்குவதும் உண்டு. முறிப்பதற்குக் கொடுக்கும் புரோட்டமின் ரத்தத்திலிருந்து சீக்கிரம் தீர்ந்துபோக, திசுக்களிலும் புரதங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்த ஹெப்பாரின் மெல்ல வெளிவரும். ஐ.சி.யூ.வில் அதைக் கண்டுபிடித்துச் சிறிதளவு புரோட்டமின் கூடுதலாகக் கொடுத்தால் தீரும். மணிக்கு மணி வடிகுழாய் அளவைக் குறித்து, உரிய நேரத்தில் திரும்பத் திறந்ததால்தான் உங்கள் வாப்பா பிழைத்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்த இரவில் ஒருவர் உங்களுடன் பேசியிருக்க வேண்டும். அதில் உங்கள் வருத்தம் நியாயமானது.

பம்பு பக்கம் அவர்களின் விளக்கத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. 480 என்ற எண்ணை அவர் கல்லில் பொறித்ததைப் போல எழுதியிருக்கிறார். அதன் வேர் 1975இல் புல் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரைகளில் இருக்கிறது. 1978இல் ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வில், 400 வினாடிக்குக் கீழே இறங்கியபோது ரத்தத்தில் உறைவின் முதல் அடையாளங்கள் தோன்றின. அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு இடைவெளி வைத்து 480 என்பது நிலைத்துவிட்டது. அதைவிட முக்கியமாக, ஏ.சி.டி. ஹெப்பாரினை அளப்பதில்லை. ரத்தம் நீர்த்தாலும், குளிர்ந்தாலும், தட்டணு குறைந்தாலும் ஏ.சி.டி. தானாகவே நீளும். எண் 520 என்று காட்டும், ஆனால் ரத்தத்தில் ஹெப்பாரின் போதுமானதாக இருக்காது. அறுவையின் நடுவில், உடம்பைக் குளிர்வித்திருக்கும்போது இந்த எண்ணை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை.

பம்பு பக்கம்:

டாக்டர் ஐயா சொல்வது சரி. ஏ.சி.டி. பொய் சொல்லும் வேளைகள் உண்டு. ரத்தத்தில் ஹெப்பாரின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் புரோட்டமினை அளவளவாகச் சேர்த்துக் கணக்கிடும் கருவிகளும் இருக்கின்றன. எல்லாத் தியேட்டரிலும் அவை இல்லை, ஒவ்வொரு சோதனைக்கும் செலவும் கூடுதல். அதனால் நான் பழகியிருப்பது வேறு வழி. எண் நன்றாக இருந்தாலும் நேரத்தையும் விடமாட்டேன். மணி ஒன்று கடந்துவிட்டால் ஏ.சி.டி. 500ஐத் தாண்டி நின்றாலும் அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் கேட்டுச் சிறிது ஹெப்பாரின் சேர்ப்பேன். உடம்பைச் சூடேற்றத் தொடங்கும்போது கட்டாயம் ஒரு சோதனை, ஏனென்றால் குளிரில் நீண்டிருந்த எண் அப்போதுதான் சட்டென்று இறங்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எண் ஏறவே ஏறாத ரத்தத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளி நெஞ்சுவலியோடு ஒரு வாரம் ஐ.சி.யூ.வில் ஹெப்பாரின் சொட்டில் இருந்துவிட்டு அறுவைக்கு வந்தார். முதல் அளவு கொடுத்து நான்கு நிமிடம் கழித்துப் பார்த்தால் 310. மேலும் 5,000 யூனிட் கொடுத்தோம், 345. மறுபடி 5,000, 360. அறுவை மருத்துவர் தையல் நூலைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார், மானிட்டர் ஒலியைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஹெப்பாரின் தானாக எதையும் செய்வதில்லை. நம் ரத்தத்தில் உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்தை ஆயிரம் மடங்கு வரை கூட்டுவதுதான் அதன் வேலை. பல நாள் சொட்டில் இருந்தவருக்கு அந்தப் புரதம் செலவாகிக் குறைந்துவிடும். வண்டி இல்லாமல் எத்தனை ஓட்டுநரை ஏற்றினாலும் வண்டி ஓடுமா? ஆன்டித்ராம்பின் மருந்து கையில் இல்லை, ஆகவே அந்தப் புரதம் அடங்கிய, உறைநிலையில் வைத்திருந்த பிளாஸ்மா என்ற ரத்த நீர் இரண்டு பையை உருக்கி ஏற்றினோம். பதினைந்து நிமிடம் கழித்து 496 வந்தது. அதுவரை நான் பம்பின் சுழற்சிக் குமிழில் கைவைக்கவில்லை.

தங்கச்சிமடத்துத் தம்பி, அப்பாவுக்கு எவ்வளவு மருந்து போதும் என்று கேட்டீர்கள். அந்த நாளில் அவருடைய ரத்தமே அதைச் சொல்லும். முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது.

தேவிபட்டினம் செவிலி:

இதய ஐ.சி.யூ.வில் பணிபுரிகிறேன். கீழக்கரைச் சகோதரர் கேட்ட பன்றி பற்றிய கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இன்று உலகில் பயன்படும் ஹெப்பாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவதுதான், சில நாடுகளில் மாட்டிலிருந்தும் எடுக்கிறார்கள். உயிரைக் காக்கும் நிர்ப்பந்தம் வந்து மாற்று இல்லாதபோது விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படுகிறது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான நிலைப்பாடு. எங்கள் கரையில் அறுவைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று இஸ்லாமியக் குடும்பங்கள். அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி, வேண்டுமானால் ஆலிமிடம் கேட்டு வர அவகாசம் கொடுத்தால், பின்னால் இந்த மனக்கசப்பு வராது. இதை நான் பணிபுரியும் இடத்தில் ஒப்புதல் வாங்கும்போது சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை, பலர் சொன்னதற்கு நன்றி கூறினார்கள்.

ஹெப்பாரினையே பயன்படுத்த முடியாத நிலையும் உண்டு. சிலருக்கு ஹெப்பாரின் கொடுத்து ஐந்து முதல் பத்து நாளுக்குள் உடம்பு அதற்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கி, தட்டணுக்கள் பாதிக்கும் கீழே சரியும். விந்தை என்னவென்றால் அப்போது ரத்தம் கசிவதைவிடக் குழாய்களில் உறைவதுதான் ஆபத்து. முன்பு எப்போதாவது அப்படி நேர்ந்தவர்களுக்குப் பைவலிருடின் என்ற மருந்தைக் கொண்டு பம்பு ஓட்டுவார்கள். அதை முறிக்க மருந்தே கிடையாது, தானாகத் தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

தங்கச்சிமடத்தான்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, மீன் விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை. அம்மா தினமும் அதையே கேட்கிறார்கள்.

மண்டபம் மயக்கவியலர்:

அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் புரோட்டமின் கொடுப்பது என் கை.

புரோட்டமின் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் சிறு புரதம். மீஷர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1874இல் ரைன் ஆற்றுச் சால்மனில் அதைக் கண்டு பெயரிட்டார். ஹெப்பாரின் எதிர்மின்னூட்டம் மிகுந்தது, புரோட்டமின் நேர்மின்னூட்டம் மிகுந்தது, இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு செயலிழக்கும். 100 யூனிட் ஹெப்பாரினுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் புரோட்டமின் என்பது பழைய கணக்கு. 18,000 யூனிட்டுக்கு 180 மில்லிகிராம். மில்லிக்கு 10 மில்லிகிராம் என்ற ஆம்பியூலில் 18 மில்லி. பலர் இப்போது அதற்கும் குறைவாகவே கொடுக்கிறோம், ஏனென்றால் மிஞ்சிய புரோட்டமின் தானே உறைதலைக் கெடுத்துக் கசிவை உண்டாக்கும்.

உங்கள் அப்பாவுக்கு சூரை சாப்பிட்டு வந்தது உண்மையான ஒவ்வாமையா என்பதே முதலில் ஐயத்துக்குரியது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் போதாமல் சில மணி நேரம் வெயிலில் கிடந்தால், அவற்றின் சதையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைப் பெருக்கிவிடும், வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட அரைமணிக்குள் முகம் சிவப்பது, தடிப்பு, தலைவலி எல்லாம் வரும், கூட உட்கார்ந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வரும். இது நஞ்சு, ஒவ்வாமை அன்று. அன்று வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா? அதற்குப் பிறகு அப்பா மீன் சாப்பிட்டாரா? இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்லுங்கள்.

உண்மையான மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், அது பெரும்பாலும் மீன் சதையிலுள்ள வேறொரு புரதத்தினால் வருவது. அவர்களில் பெரும்பாலோர் புரோட்டமினைத் தாங்கிக்கொள்கிறார்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் மீன் ஒவ்வாமையைச் சொல்லாமல் விடக்கூடாது. அதைவிடவும் முக்கியமாகச் சொல்ல வேண்டியதை மக்கள் சொல்வதே இல்லை: நீரிழிவுக்குப் போடும் இன்சுலின். பால் போலக் கலங்கலாக, ஊசியில் ஏற்றும் முன் உள்ளங்கையில் உருட்டிக் கலக்கிப் போடும் இன்சுலினில் புரோட்டமின் கலந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைப் போட்டவர்களின் உடம்பு புரோட்டமினுக்கு எதிராக எச்சரிக்கையாகிவிடக்கூடும். முன்பு ஒருமுறை இதய அறுவையில் புரோட்டமின் வாங்கியவர்களும், குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட ஆண்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

ஐயம் உள்ளவர்களுக்கு நான் செய்வது இதுதான். முதலில் ஒரு மில்லிக்கும் குறைவாக, மிக மெதுவாகக் கொடுத்து, ரத்த அழுத்தத்தையும் நுரையீரல் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். மாற்றம் இல்லையென்றால் மீதியைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொடுப்பேன். யாருக்குக் கொடுத்தாலும் வேகமாகக் கொடுத்தால் அழுத்தம் சரியும், ஆகவே எல்லோருக்குமே மெதுவாகத்தான். அட்ரினலின் ஏற்றிய ஊசி பக்கத்தில் தயாராக இருக்கும். தொடங்கும்போது உரக்கச் சொல்வேன். பம்பு பக்கம் போன்றவர்கள் அதைக் கேட்டதும் உறிஞ்சிகளை நிறுத்திவிடுவார்கள்.

பம்பு பக்கம்:

ஆமாம், அந்தக் குரல் கேட்டவுடன் என் கை உறிஞ்சிக் குமிழுக்குப் போய்விடும். புரோட்டமின் கலந்த ரத்தம் ஒரு கோப்பை அளவு தொட்டிக்குள் வந்துவிட்டாலும் பம்புக்குள் இருப்பது உறையத் தொடங்கும். நோயாளியின் அழுத்தம் சரிந்து மறுபடி பம்பு தேவைப்பட்டால் அந்தப் பம்பு பயன்படாது. அதனால் நெஞ்சைத் தைத்து முடிக்கும்வரை பம்பை நான் கலைப்பதில்லை. அப்படி மறுபடி போக நேர்ந்தால் முழு அளவு ஹெப்பாரினைத் திரும்பக் கொடுத்துத்தான் போக வேண்டும்.

தங்கச்சிமடத்தான்:

ஐயா, அம்மாவிடம் கேட்டேன். அன்று பக்கத்து வீட்டு அத்தைக்கும் முகம் சிவந்ததாம், எங்கள் வீட்டிலிருந்துதான் குழம்பு கொண்டுபோயிருந்தார்கள். அப்பா அதற்குப் பிறகு சூரையைத் தவிர எல்லா மீனும் சாப்பிடுகிறார். போன வாரம்கூட நகரை மீன் குழம்பு. இன்சுலின் போடுவதில்லை. ஆனால் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கி டைக்ளோஃபெனாக் அடிக்கடி போடுவார். அதை மருத்துவரிடம் சொல்லவில்லை. குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மண்டபம் மயக்கவியலர்:

அப்படியானால் அது கெட்ட மீனின் நஞ்சாகவே இருந்திருக்க வேண்டும். இதை அப்படியே, பக்கத்து வீட்டு அத்தை உட்பட, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமைக் குறிப்பை நீக்குவதா வைப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

டைக்ளோஃபெனாக்கைக் கட்டாயம் சொல்லுங்கள், அது தட்டணுக்களை மந்தமாக்கும். நாட்டு மருந்து, லேகியம் எதுவாக இருந்தாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். குளோபிடோக்ரெலைப் பொதுவாக ஐந்து நாள் முன்பு நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அடைப்பு இருக்கிற ரத்தக்குழாயில் மாத்திரையை நிறுத்திய நாளிலேயே கட்டி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரை மகன்:

என் வாப்பாவின் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். குளோபிடோக்ரெல் நிறுத்தி இரண்டே நாளில் அறுவை நடந்திருக்கிறது, அவசரம் என்று எழுதியிருக்கிறது. மறுபடி திறந்த குறிப்பில், மார்பெலும்பின் பின்புறத்தில் ஒரு குழாய் கசிந்தது, கட்டப்பட்டது என்று ஒரே வரி. இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்று இப்போது புரிகிறது. இந்த ஒரு வரியை அன்றே எனக்கு வாசித்துக் காட்டியிருந்தால் போதும். டாக்டர், கசிவைக் குறைக்க வேறு மருந்து எதுவும் இல்லையா?

மண்டபம் மயக்கவியலர்:

உண்டு. டிரானெக்ஸாமிக் அமிலம். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் ரத்தம் போய் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் நோக்கம். உருவான உறைகட்டியை உடம்பே கரைப்பதை அது தடுக்கும். விலை மலிவு, நம்மூரிலும் எல்லாத் தியேட்டரிலும் இருக்கிறது. அளவு மிகுந்தால் வலிப்பு வரக்கூடும் என்பதால் அளந்துதான் கொடுக்க வேண்டும். முன்பு அப்ரோட்டினின் என்ற மருந்து பெரிதும் பயன்பட்டது. அதை வாங்கியவர்களில் இறப்பு கூடுதல் என்று கனடாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டிய பிறகு, 2008இல் பல நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

கசிவு நிற்காதபோது, பையைக் கண்டபடி ஏற்றாமல், ரத்தம் எப்படி உறைகிறது என்பதை வரைபடமாகக் காட்டும் கருவி வைத்திருக்கும் இடங்களில் அதைப் பார்த்து முடிவு செய்கிறோம். ஒரு துளி ரத்தம் உறையத் தொடங்கி இறுகுவதை இரு கோடுகளாக விரித்துக் காட்டும், பார்ப்பதற்கு மீன் உருவம் போலவே இருக்கும். தலை நீண்டால் உறைவுக் காரணி போதாது, வயிறு ஒடுங்கினால் தட்டணுவோ, கட்டியின் இழைகளாக மாறும் ஃபைப்ரினோஜன் என்ற புரதமோ போதாது. எதை ஏற்ற வேண்டும் என்று அந்த மீன் சொல்லும்.

தங்கச்சிமடத்தான்:

மே மாதம் இரண்டாம் வாரம் அறுவை முடிந்தது. அப்பா நேற்று வீடு வந்துவிட்டார். பம்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாராம். பெர்ஃப்யூஷனிஸ்ட் அக்காவிடம் நானே போய்க் கேட்டேன், அவர்கள் தாளை எடுத்துக் காட்டினார்கள். ஏ.சி.டி. மருந்துக்கு முன் 118 வினாடி, முதல் ஊசிக்குப் பின் 455. இன்னும் 3,000 யூனிட் கொடுத்து 530. நடுவில் ஒருமுறை 470க்கு இறங்கியபோது மீண்டும் சேர்த்திருக்கிறார்கள். புரோட்டமினை மெதுவாகக் கொடுத்திருக்கிறார்கள், அழுத்தம் பெரிதாகக் குறையவில்லை, முடிவில் 122. வடிகுழாயை மூன்றாம் நாள் எடுத்தார்கள். எந்திர வால்வு என்பதால் ரத்தம் உறையாமல் காக்கும் அசிட்ரோம் மாத்திரை வாழ்நாள் முழுதும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் தட்டணு 1,60,000. அறுவைக்கு முன் 2,40,000 இருந்தது. இது பயப்பட வேண்டிய குறைவா?

தேவிபட்டினம் செவிலி:

பம்புக்குப் பின் முதல் மூன்று நான்கு நாள் தட்டணு குறைவது எல்லோருக்கும் நடப்பது, பிறகு ஏறும். ஏறத் தொடங்கிய பின் மறுபடி சரிந்தால்தான் ஹெப்பாரின் எதிர்ப்பொருளை நினைக்க வேண்டும். அசிட்ரோம் அளவு சரியா என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கப் போகும்போது அதே ரத்தத்தில் தட்டணுவையும் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். கால் வீங்கி வலித்தால் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பம்பு பக்கம்:

தம்பி, டிஸ்சார்ஜ் தாளில் புரோட்டமின் கொடுக்கப்பட்டது, தீங்கில்லை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பல்லைப் பிடுங்குவதற்கே ஆனாலும், அசிட்ரோம் அட்டையோடு அந்தத் தாளையும் காட்டுங்கள்.

தங்கச்சிமடத்தான்:

இல்லை அண்ணா. திங்கட்கிழமை ஐ.என்.ஆர். பார்க்கப் போகிறோம், அப்போது கேட்டு எழுதி வாங்குகிறேன். தட்டணுவும் எண்ணச் சொல்கிறேன்.